ஓட்டாத வண்டிக்கு எழுதிய தீர்ப்பு

நான் ஓட்டிப் பார்க்காத கார்களின் ஸ்டியரிங்கைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். ஏதோ ஒருமுறை கை தவறி நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கார்ப் பத்தி எழுதிய ஆண்டுகள் முழுக்க அதுவே என் வழக்கமாக இருந்தது. ஒரு மாடலில் ஒரே ஒரு பதிப்பை ஓட்டுவேன். பிறகு அந்தப் பெயரில் விற்கும் பெட்ரோல், டீசல், அடிப்படை வேரியன்ட், உயர் வேரியன்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்புகிறது" என்றோ "நெடுஞ்சாலையில் கைக்கு உறுதியாக நிற்கிறது" என்றோ எழுதிவிடுவேன். அதை நம்பிக் கடன் வாங்கி, நகை வைத்து வண்டி எடுத்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கு நேர்ந்தது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அச்சில் திருத்தாமல் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை நடக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். புது மாடல் வரும்போது கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு வண்டியை ஓட்டக் கொடுப்பார்கள். கொடுப்பது பெரும்பாலும் உயர் வேரியன்ட்தான். அலாய் வீல், அகலமான டயர், எல்லா வசதியும் இருக்கும். காற்றை அளவாக அடித்து, அலைன்மென்ட் பார்த்து நிறுத்தியிருப்பார்கள். நல்ல சாலையில் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பிக் கொடுப்போம். இதில் மறைவு எதுவும் இல்லை, எந்த வேரியன்ட் என்பது எல்லாருக்கும் தெரியும். "நான் ஓட்டியது உயர் வேரியன்ட் பெட்ரோல், மற்றவற்றை ஓட்டவில்லை" என்று ஒரு வரி எழுத எனக்கு யாரும் தடை போட்டதில்லை. விளம்பரத்துக்காக என் வாக்கியத்தை வெட்டிய ஆசிரியரும் இல்லை. அந்த ஒரு வரியை எழுதினால் எனக்கு முழு வண்டியும் தெரியாது என்று வாசகர் நினைப்பாரே என்று நான்தான் பயந்தேன். ஆங்கிலக் கார் இதழ்களைப் படிக்காத, இணையத்தில் தேடிப் பார்க்கிற பழக்கம் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காரைப் பற்றிக் கேட்க என் பத்தியைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையை என் அறிவின் அளவாக நான் எடுத்துக்கொண்டேன்.

2012 வாக்கில் அந்தக் கடிதம் வந்தது. அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். சின்ன கார் வாங்குகிறவர்கள்கூட டீசலைத் தேடி அலைந்த காலம். எழுதியவர் காவிரிக் கரைக் கோயில் ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பது வயதுக்கு மேல்தான் என்று எழுதியிருந்தார். வலது தோளில் இறுக்கம், கையை முழுக்கத் தூக்க முடியாது. நான் புகழ்ந்து எழுதியிருந்த ஹாட்ச்பேக்கை வாங்க முடிவு செய்திருந்தார். வண்டியின் பெயரை இங்கே சொல்லவில்லை, ஏனென்றால் பிழை வண்டியுடையது இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, பெட்ரோல் வண்டியின் ஸ்டியரிங் மிக இலகு என்று எழுதியிருக்கிறீர்கள். டீசல் வண்டியிலும் அப்படியே இருக்குமா?"

எவ்வளவு சரியான கேள்வி! கார் எழுத்தையே தொழிலாக வைத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டு, வலிக்கும் தோளோடு ஓட்டியவருக்கு எழுந்தது. கேள்வி பதில் பக்கத்தில் நான் எழுதினேன்: "கவலை வேண்டாம் அம்மா. இரண்டிலும் ஒரே எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான். தாராளமாக டீசலையே வாங்குங்கள்."

டீசல் பதிப்பின் கதவைக்கூட நான் திறந்து பார்த்திருக்கவில்லை. கம்பெனி தந்த விவரத்தாளில் பவர் ஸ்டியரிங் என்ற வரிக்கு எதிரே இரண்டு பதிப்புக்கும் டிக் இருந்தது. அந்த டிக்கைப் பார்த்துத்தான் பதில் எழுதினேன்.

பவர் ஸ்டியரிங் உண்டா இல்லையா என்பதைத் தாளில் பார்க்கலாம். கைக்கு அது எப்படி இருக்கும் என்பதைத் தாள் சொல்லாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஸ்டியரிங் தண்டில் டார்ஷன் பார் என்று ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது டயர் தரையைப் பற்றிக்கொண்டு அசைய மறுக்கும். அந்த இழுபறியில் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் இந்த முறுக்கல் ஒரு வால்வைத் திறந்துவிடும். இன்ஜின் பெல்ட்டால் ஓடும் பம்பிலிருந்து பவர் ஆயில் அழுத்தத்தோடு வந்து, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கை அந்தப் பக்கம் தள்ளும். எலக்ட்ரிக் ஸ்டியரிங்கில் அதே முறுக்கலை ஒரு சென்சார் அளக்கும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்பலாம் என்று ஒரு சிறு கணினி முடிவு செய்யும். சின்ன கார்களில் அந்த மோட்டார் பெரும்பாலும் டாஷ்போர்டுக்குப் பின்னால், ஸ்டியரிங் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

எந்த வேகத்தில் எவ்வளவு முறுக்கலுக்கு எவ்வளவு உதவி என்பது பொறியாளர்கள் வண்டியை ஓட்டி ஓட்டி எழுதி வைத்த ஓர் அட்டவணை. அதே மோட்டார், அதே கணினி, அதே தண்டு இருந்தாலும் அட்டவணையை மாற்றினால் கைக்கு வேறு வண்டிபோலத் தோன்றும். அட்டவணையை மாற்றாமல் வண்டியை மாற்றினாலும் அப்படித்தான். டீசல் இன்ஜின் அதே மாடலின் பெட்ரோல் இன்ஜினைவிடக் கனமானது. சின்ன கார்களில் டீசல் பதிப்பு 50 முதல் 100 கிலோ வரை கூடுதல் எடை கொண்டிருப்பது சாதாரணம். அந்தக் கூடுதல் எடையில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் மேல்தான் இறங்கும். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் உருளாது, தரையில் தேய்ந்துதான் திரும்பும். முன்பக்க எடை கூடினால் அந்தத் தேய்மானத்தின் எதிர்ப்பும் கூடும். டயர் அகலமானால் இன்னும் கூடும். ஒரே மாடலில் கீழ் வேரியன்டுக்கு 165 அளவு டயரும் மேல் வேரியன்டுக்கு 185 அளவு டயரும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு அழகு கூடும். குறுகிய தெருவில் வண்டி திருப்பும்போது அந்த 20 மில்லிமீட்டருக்கும் சேர்த்துத்தான் கை உழைக்க வேண்டும். நல்ல கம்பெனிகள் டீசலுக்கென்று தனி அட்டவணை எழுதி இந்த வித்தியாசத்தை ஈடுகட்டும். சிலவற்றில் பாதிதான் ஈடுகட்டியிருப்பார்கள். எது எப்படி என்பதை ஓட்டினால்தான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் "ஒரே ஸ்டியரிங்தான்" என்று எழுதினேன்.

அந்த அம்மா டீசலை வாங்கினார். சில மாதங்கள் கழித்து பத்திரிகை அலுவலக எண்ணில் கூப்பிட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. "சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க தெருவுல ரிவர்ஸ் எடுத்துத் திருப்புறப்போ கை தாங்கலை. ரோட்டுல போகும்போது ஒண்ணும் தெரியலை. நின்ன எடத்துல ஒடிக்கிறப்போதான். நீங்க ரெண்டும் ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்களே, நான் எதாவது தப்பா ஓட்டறேனா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அம்மா, டீசல் வண்டியை நான் ஓட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது இது: "புது வண்டி இல்லையா, கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்மா. ஓட்ட ஓட்டப் பழகிடும்."

எலக்ட்ரிக் ஸ்டியரிங்கின் அட்டவணை ஓட்ட ஓட்ட மாறாது. முன் அச்சின் எடை ஓட்ட ஓட்டக் குறையாது. பழகவேண்டியது அவருடைய தோள் மட்டும்தான், அது பழகுகிற நிலையில் இல்லை. அவர் தன் ஓட்டுதலையே சந்தேகப்பட்டுக் கேட்டார். அந்தச் சந்தேகத்தை நான் வளர்த்துவிட்டேன். "சரிங்க சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார். அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும் என்ற சின்ன யோசனையைக்கூட நான் அப்போது அவருக்குச் சொல்லவில்லை. பேச்சு நீண்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும் என்று அவசரமாக முடித்தேன்.

பிறகு அதே டீசல் பதிப்பை ஒரு நண்பரிடம் வாங்கி ஓட்டினேன். சாலையில் எனக்கு அது பெட்ரோலைவிடப் பிடித்திருந்தது. வேகத்தில் ஸ்டியரிங் அசையாமல் நின்றது, கை சும்மா இருந்தால் போதும். மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்துமிடத்துக்குள் நுழைக்க முதல் ஒடிப்பு ஒடித்தபோதே புரிந்துவிட்டது. பெட்ரோலில் மணிக்கட்டோடு முடிந்த வேலை இதில் தோள்வரை ஏறியது. எனக்கு அது ஒரு பொருட்டாக இல்லாமல் இருக்கலாம். தோள் சரியில்லாதவருக்கு நாளும் பலமுறை அந்த வேலை. அடுத்த இதழுக்கு இன்னும் நாள் இருந்தது. கேள்வி பதில் பக்கம் என் கையில்தான் இருந்தது. இரண்டே வரித் திருத்தம் போட்டிருந்தால் அவரைப் போன்ற இன்னும் எத்தனையோ பேர் வாங்குமுன் ஒருமுறை யோசித்திருப்பார்கள். "பழைய சங்கதி, யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேறொரு காரைப் பற்றி எழுதினேன். பின்னால் அவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மகன் ஊருக்கு வரும்போது வண்டியை எடுப்பதாகவும், தான் பள்ளிக்கு மறுபடி பேருந்தில் போகத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் ஆசிரியரிடம் காட்டவில்லை.

ஏன் அப்படி இருந்தேன் என்று யோசித்தால் சோம்பல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நான் கடன் வாங்கிய ரசனை. 2011-இல் போர்ஷே 911 காரின் புதிய தலைமுறை வந்தபோது ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு எலக்ட்ரிக் ஸ்டியரிங்குக்கு மாறியது. அடுத்து வந்த பிஎம்டபிள்யூ 3 சீரீஸும் மாறியது. மேல்நாட்டுக் கார் எழுத்தாளர்கள் இழவு விழுந்ததுபோல எழுதினார்கள். அவற்றை ஒன்றுவிடாமல் படித்தேன். அவர்கள் சொன்னதில் பொருள் இருந்தது. வளைவில் வேகமாகப் போகும்போது முன் டயர்கள் தாமாக நேராகத் திரும்பப் பார்க்கும். அந்த முயற்சியைத்தான் நம் கை கனமாக உணர்கிறது. டயரின் பிடிப்பு எல்லையை நெருங்கும்போது, வண்டி வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்பே, அந்தக் கனம் குறையத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென லேசானால் "இதற்கு மேல் போகாதே" என்று டயர் சொல்கிறது என்று பொருள். நல்ல ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் இந்தச் செய்தி கைக்குத் தெளிவாக வந்தது. எலக்ட்ரிக்கின் தொடக்க காலத்தில் மோட்டாரின் உராய்வும் அட்டவணையின் முரட்டுத்தனமும் அதைப் பாதி விழுங்கிவிட்டன. மலைப்பாதையில் மழையில் ஓட்டுகிற யாருக்கும் இது உயிர் காக்கும் செய்தி. அதை இழந்ததற்கு வருந்தியவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நான் செய்தது வேறு. பந்தயச் சாலைக்குப் பிறந்த காரைப் பற்றிய அந்த வருத்தத்தை அப்படியே தூக்கி வந்து, மதுரை மாசி வீதியிலும் மயிலாப்பூர் மாட வீதியிலும் பால் வாங்கப் போகிற கார்களின் மேல் சுமத்தினேன். இலேசான ஸ்டியரிங்கை "உயிரில்லாதது" என்று எழுதினேன். கனமானதைப் புகழ்ந்தேன். ஒருமுறை இன்னும் கீழே இறங்கி, இவ்வளவு இலகுவான ஸ்டியரிங் பெண்கள் ஓட்டத்தான் ஏற்றது, ஓட்டத் தெரிந்தவருக்குச் சப்பென்று இருக்கும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினேன். அந்த வாக்கியத்துக்காக வெட்கப்படுகிறேன். கனமான ஸ்டியரிங்கைத் திருப்புவது ஓட்டத் தெரிந்ததற்கு அடையாளம் என்ற நினைப்பு நம் ஊர் ஆண்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு நான் அச்சில் சான்றிதழ் கொடுத்தேன். அந்த ஆசிரியை "நான் தப்பா ஓட்டறேனா" என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஸ்டியரிங்கின் வரலாறே என் கட்சிக்கு எதிராக இருந்தது, படித்தும் பாடம் எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ கம்பெனியில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-லேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கனமான வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். விற்பனைக் காரில் அது வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் வந்தது. எலக்ட்ரிக் ஸ்டியரிங் முதலில் வந்தது ஆடம்பரக் காரிலும் இல்லை, பந்தயக் காரிலும் இல்லை. 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் வந்தது. அந்த வகைக் கார்களின் இன்ஜின் அப்போது 550 சிசிக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவு சின்ன இன்ஜினுக்கு ஓயாமல் ஒரு ஹைட்ராலிக் பம்பையும் சுற்றிக்கொண்டிருப்பது பெரும் சுமை. குறுகிய தெருக்களில் திருப்புகிறவர்களுக்கு உதவி தேவை, இன்ஜினிலோ சக்தி இல்லை. தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும் மோட்டார் அந்த நெருக்கடிக்கு விடையாயிற்று. நான் கேலி செய்த ஸ்டியரிங் நம்மைப் போன்ற தெருக்களுக்காகவே பிறந்தது.

ஒரே காரின் பதிப்புகளுக்குள் ஸ்டியரிங் மாறும் என்பதற்கும் பழைய சாட்சி இருக்கிறது. ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் 1990-இல் வந்தபோது ஆட்டோமேட்டிக் பதிப்பில்தான் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் இருந்தது. கையால் கியர் மாற்றும் பதிப்புக்குப் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. ஒரே பெயர், ஒரே இன்ஜின், ஒரே அலுமினிய உடல். ஆனால் வாங்குகிறவர் எந்த கியர் பெட்டியைத் தேர்ந்தார் என்பதைப் பொறுத்து கைக்கு இரண்டு வெவ்வேறு கார்கள். 2013-இல் வந்த இன்ஃபினிட்டி க்யூ50 இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் சில பதிப்புகளில் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையில் வழக்கமாக வேலை செய்தது மின்கம்பிதான், கோளாறு வந்தால் மட்டும் சேர்ந்துகொள்ளும்படி இரும்புத் தண்டை ஒரு கிளட்சோடு வைத்திருந்தார்கள். மற்றப் பதிப்புகளில் எப்போதும்போல நேரடி இணைப்பு. இவற்றில் ஒன்றை ஓட்டிவிட்டு மற்றதற்கும் தீர்ப்பு எழுதுகிறவரை நான் முட்டாள் என்றுதான் நினைத்திருப்பேன். அதே வேலையை நம் ஊர் ஹாட்ச்பேக்குகளில் நான் செய்துகொண்டிருந்தேன்.

என் கண்ணைத் திறந்தவர் ஓர் இன்னோவா ஓட்டுநர். அவருடைய முதலாளியிடம் கிரிஸ்டாவும் இருந்தது, பின்னால் வந்த ஹைகிராஸும் இருந்தது. கிரிஸ்டாவில் ஹைட்ராலிக், ஹைகிராஸில் எலக்ட்ரிக். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியவர் அவர். ஒரு நீண்ட பயணத்தில் ஸ்டியரிங்கைப் பற்றி நான் என் பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கிரிஸ்டா ஸ்டாண்டுல வெயிட்டு, பைபாஸ்ல நிம்மதி. ஹைகிராஸ் ஸ்டாண்டுல ஃப்ரீ, லோடு ஏத்துனா அது ஒரு மாதிரி, காலி வண்டில ஒரு மாதிரி. ரெண்டுக்கும் பேரு இன்னோவாதான். பேரைப் பாத்து எப்படிண்ணே சொல்றது? கைல பிடிச்சாத்தானே தெரியும்."

பிறகு அவர் புது வண்டி கைக்கு வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். முதலில் இன்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே இந்தக் கடைசிவரைக்கும் அந்தக் கடைசிவரைக்கும் ஒருமுறை ஒடிப்பாராம். எங்கே கனக்கிறது, எங்கே சத்தம் வருகிறது என்று பார்ப்பாராம். அப்புறம் மெதுவாக ஒரு திருப்பம் திரும்பி, கையைத் தளர்த்தி, ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று பார்ப்பாராம். வராத ஸ்டியரிங்கை ஒவ்வொரு திருப்பத்திலும் கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டும், நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய களைப்பு இல்லை என்றார். கடைசியாக, நேர் சாலையில் பேருந்து நம்மைக் கடந்து போகும்போது வண்டி எவ்வளவு அலைகிறது என்று பார்ப்பாராம். நான் படித்த கார் எழுத்து அத்தனையையும்விட இந்த மூன்று சோதனையில் அதிக விஷயம் இருந்தது. நின்ற இடத்தில் இலகு, திருப்பம் முடிந்தால் தானாகத் திரும்பி வருவது, வேகத்தில் உறுதி. இந்த மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்திருந்தால் அது நல்ல ஸ்டியரிங். ஹைட்ராலிக்கா எலக்ட்ரிக்கா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

இலகுவாக இருந்தால் மட்டும் போதும் என்று இப்போது நான் கட்சி மாறவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்திலும் பஞ்சாயத்துத் தெருவில் இருப்பதுபோலவே லேசாக இருக்கிற ஸ்டியரிங் ஆபத்தானது. தும்மினால்கூட வண்டி அடுத்த வரிசைக்குப் போகும். திருச்சி நெடுஞ்சாலையில் குறுக்குக் காற்றில் அப்படி ஒரு வண்டியை ஓட்டி முடிக்கும்போது கழுத்து இறுகிப்போய்விடும். எனவேதான் ஒவ்வொரு பதிப்பையும் அதனதன் இன்ஜினோடு, டயரோடு தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அவர்களை நான் எழுதிய காலமெல்லாம் மறந்தே போனேன். டாடா ஹேரியர் 2019 ஜனவரியில் வந்தபோது ஹைட்ராலிக் ஸ்டியரிங். 2023 அக்டோபரில் வந்த புதுப்பதிப்பில் எலக்ட்ரிக். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் ஸ்டியரிங் அமைப்பே வேறு. வண்டியைத் தடத்துக்குள் தானாகத் திருப்பி வைத்துக்கொள்ளும் வசதி வேண்டுமானால் மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் இருந்தாக வேண்டும், அந்த மாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ கிளாசிக்கில் ஹைட்ராலிக், ஸ்கார்ப்பியோ-என்னில் எலக்ட்ரிக். 2022 முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று விற்கின்றன. "ஹேரியர் ஸ்டியரிங் எப்படி இருக்கும்?" "ஸ்கார்ப்பியோ ஸ்டியரிங் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். நான் அப்படித் திருப்பிக் கேட்காமல்தான் பல ஆண்டுகள் பதில் சொன்னேன்.

பிறகு அந்த ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மிகவும் தாமதமாக. அவர் வண்டியை விற்றுவிட்டதாகவும், என் பத்தியை இப்போதும் படிப்பதாகவும் ஓர் அஞ்சலட்டையில் பதில் போட்டார். அவர் மன்னித்ததால் நான் அச்சில் செய்தது அழிந்துவிடாது. அந்தப் பதில் எத்தனை வீடுகளில் படிக்கப்பட்டது என்று எனக்குத் தெரிய வழியில்லை. எனவே தனிக் கடிதத்தோடு நிறுத்தாமல் இங்கே பகிரங்கமாகச் சொல்கிறேன்: அந்த மாடலின் டீசல் பதிப்பைப் பற்றி நான் எழுதியது பொய். ஓட்டாமல் எழுதினேன். ஓட்டிய பிறகு உண்மை தெரிந்தும் மறைத்தேன்.

வண்டி வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஷோரூமில் நிற்கிற டெமோ வண்டியை ஓட்டிவிட்டு வேறு பதிப்புக்கு முன்பணம் கட்டாதீர்கள். நீங்கள் வாங்கப் போகிற அதே இன்ஜின், அதே கியர் பெட்டி, அதே டயர் அளவுள்ள வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிந்தால் உங்கள் தெருவுக்கே எடுத்துப் போய், தினமும் எங்கே நிறுத்துவீர்களோ அங்கே ரிவர்ஸ் எடுத்து நிறுத்திப் பாருங்கள். வீட்டில் யார் அதிகம் ஓட்டப் போகிறார்களோ அவர்கள் கையால் திருப்பிப் பார்க்கட்டும், அம்மாவோ, மனைவியோ, வயதான அப்பாவோ. கனமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அது கனம்தான். பழகிவிடும் என்று யார் சொன்னாலும், என்னைப் போல எழுதுகிறவனே சொன்னாலும், கேட்காதீர்கள்.

என் பதிலை நம்பி வண்டி எடுத்துக் கையும் தோளும் நொந்தவர்கள் இன்னும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த மாடல், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, நின்ற இடத்தில் எப்படி, சாலையில் எப்படி என்று எழுதினால் போதும். நான் எழுதியதற்குப் பக்கத்தில் நீங்கள் எழுதியதை அப்படியே வெளியிடுவேன்.